சுடுமண் சுவர் விளக்கு: மாடக்குழியிலிருந்து சிற்பம் வரை

சுடுமண் சுவர் விளக்கு என்பது களிமண்ணைக் கையால் வனைந்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, சுவரில் பொருத்தும் விளக்காகும். பகலில் சுவரில் பதித்த புடைப்புச் சிற்பம் போலவும், இரவில் ஒளியையும் நிழலையும் சுவரில் பரப்பும் கருவியாகவும் இது இருக்கிறது. கலைக்கூடங்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் புதிய வீடுகளிலும் இப்போது காணப்படும் இவ்வகை விளக்கைப் பலர் அண்மைக்காலப் புதுமையாகக் கருதுகின்றனர். ஆனால் மண்ணால் செய்த விளக்கைச் சுவரில் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. விளக்குக்காகவே பெயர் பெற்ற திருவண்ணாமலையையும் அதைச் சூழ்ந்த வட்டாரத்தையும் கொண்டு அவ்வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அகலும் மாடக்குழியும்

மின்சாரம் வருவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் சுவரும் விளக்கும் சேர்ந்தே கட்டப்பட்டன. தெருக்கதவின் இருபுறமும், கூடத்துச் சுவரிலும், சமையலறையிலும், கிணற்றடியிலும் சிறு குழிகள் விடப்பட்டன. இவை மாடக்குழி, மாடம், விளக்கு மாடம், பிறை என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரால் வழங்கின. மேற்புறம் முக்கோணமாகவோ வளைவாகவோ அமைந்த இக்குழியில் அகல் விளக்கு வைக்கப்படும்.

மாடக்குழியின் பயன்கள் மூன்று. முதலாவது, மூன்று பக்கமும் சுவர் இருப்பதால் காற்றில் சுடர் அணையாது. இரண்டாவது, சுண்ணாம்பு பூசிய வெண்மையான உட்புறம் ஒளியை அறைக்குள் திருப்பி அனுப்பும். மூன்றாவது, எண்ணெயும் தீயும் குழந்தைகளின் கைக்கும் ஆடைக்கும் எட்டாத இடத்தில் இருக்கும். பழைய வீடுகளில் மாடக்குழியின் உச்சியில் படிந்த கரியை இன்றும் பார்க்கலாம். பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் விளக்கு எரிந்ததற்கு அக்கரியே சான்று.

கோயில் கட்டடக் கலையிலும் இதே அமைப்பு உண்டு. கருவறையின் வெளிச்சுவரில் தெய்வ உருவங்கள் நிற்கும் குழிவுகளுக்குத் தேவகோட்டம் என்று பெயர். சுவரைக் குடைந்து ஓர் உருவத்தை வைத்தால் அந்த உருவத்தைச் சுற்றி நிழல் சேரும். நிழலால் உருவம் எடுப்பாகத் தெரியும். தேவகோட்டத்தில் சிலைக்கு நேர்வதே மாடக்குழியில் சுடருக்கும் நேர்கிறது.

சுவர்களின் பருமன் குறைந்தபோது மாடக்குழியும் மறைந்தது. மண்சுவரும் அகலமான செங்கல் சுவரும் இருந்தவரை அரை அடி ஆழத்துக்குக் குடைய இடமிருந்தது. கான்கிரீட் தூண்களுக்கு இடையே மெல்லிய சுவர் எழுப்பும் முறை வந்தபின் குழி விட வழியில்லாமல் போயிற்று. மின்விளக்கு வந்தபின் அதற்குத் தேவையும் இல்லாமல் போயிற்று. சுவருக்குள் இருந்த விளக்கு சுவருக்கு வெளியே வந்தது. இன்றைய சுடுமண் சுவர் விளக்கை, வெளியே வந்த மாடக்குழி என்றே சொல்லலாம்.

திருவண்ணாமலையும் கார்த்திகை விளக்கும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் ஐம்பூதத் தலங்களுள் தீக்குரிய தலம். கார்த்திகை மாதத்தில் பத்து நாள் நடைபெறும் தீபத் திருவிழாவின் பத்தாம் நாள் விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபமும், மாலை 6 மணி அளவில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகா தீபமும் ஏற்றப்படுகின்றன. மலையுச்சியில் தீபம் ஏற்றும் உரிமை மரபுவழியாகப் பருவதராஜகுலத்தினருக்கு உரியது. ஆளுயரக் கொப்பரையில் 3,500 கிலோ அளவுக்கு நெய்யும் 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட காடாத் துணித் திரியும் இட்டு ஏற்றப்படும் அச்சுடர் தொடர்ந்து பல நாள்கள் எரியும்.

மலையுச்சியில் சுடர் தெரிந்த பிறகே ஊரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வீட்டு விளக்குகளை ஏற்றுவது வழக்கம். வாசற்படி, திண்ணை, மதிற்சுவர், மாடக்குழி, துளசி மாடம், கிணற்று மேடை, மாட்டுத் தொழுவம் என எல்லா இடங்களிலும் அகல் வைக்கப்படும். மேலே ஒரு பெருஞ்சுடருக்கு உலோகக் கொப்பரை. கீழே எண்ணற்ற சிறு சுடர்களுக்கு மண் அகல். விழாவுக்கு இரண்டும் வேண்டும். ஆயினும் கொப்பரையைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அகலைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

இவ்விழா பழமையானது. முழுநிலவு கார்த்திகை மீன்களைச் சேரும் இரவில் தெருக்களில் விளக்கு வைத்து, மாலைகளைத் தொங்கவிட்டு, ஊரார் கூடிக் கொண்டாடிய விழாவை அகநானூற்றின் 141ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்தில் கார்த்திகை விழாவை விளக்கீடு என்னும் சொல்லால் சுட்டுகிறார். இலங்கைத் தமிழர் இன்றும் இவ்விழாவைக் கார்த்திகை விளக்கீடு என்றே அழைக்கின்றனர்.

பாவை விளக்கு: சிற்பமான விளக்கு

விளக்கையே சிற்பமாகச் செய்யும் எண்ணமும் தமிழருக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் இருவகை விளக்குகள் வருகின்றன. ஒன்று, மாலையில் மகளிர் திரி கொளுத்தி நெல்லும் மலரும் தூவி வழிபடும் இரும்பு விளக்கு. மற்றொன்று, பாண்டியனின் அரண்மனையில் யவனர் செய்த பாவையின் கையில் ஏந்திய அகல். முல்லைப்பாட்டிலும் தலைவியின் மாளிகையில் எரியும் பாவை விளக்கு பேசப்படுகிறது. பெண்ணுருவம் அகலைக் கையில் ஏந்தி நிற்கும் இவ்வடிவம் பிற்காலத்தில் வெண்கலத்தில் பெருகி இன்றுவரை கோயில்களில் நிற்கிறது.

யவனர் தொடர்புக்குத் தொல்லியல் சான்றும் உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய அரெட்டைன் பாண்டங்களின் துண்டுகளும், ஆம்போரா எனப்படும் இருகைச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அக்காலத்தில் உரோமப் பேரரசில் மண் விளக்குகள் அச்சில் வார்த்துப் பெருமளவில் செய்யப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் அடிப்புறத்தில் செய்தவரின் பெயர் முத்திரையாகப் பதிக்கப்பட்டது. வட இத்தாலியப் பட்டறை ஒன்றின் ‘ஃபோர்டிஸ்’ என்னும் முத்திரை அவற்றுள் புகழ்பெற்றது. அது அக்காலத்திலேயே பல நாடுகளில் போலியாகவும் செய்யப்பட்டது.

உரோம விளக்குக்கு இப்படிப் பெயர் இருந்தது. தமிழ்நாட்டு அகலுக்கு அது இல்லை. அகலைச் செய்தவர் யார் என்பதை அகல் சொல்வதில்லை. இந்தப் பெயரின்மை பிற்காலத்திலும் தொடர்ந்ததைக் கல்வெட்டுகளிலிருந்து அறியலாம்.

கல்வெட்டில் உள்ள விளக்கும் இல்லாத விளக்கும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடைகளுள் ஒன்று நந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரியும் இவ்விளக்கு ஒன்றுக்குப் பொதுவாக 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. சில கல்வெட்டுகளில் 90 ஆடுகள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகப் புதிய குட்டி சேர்ந்து மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பதால் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. விளக்கைக் கொடுத்தவர், அவருடைய ஊர், ஆட்டின் எண்ணிக்கை, நெய்யின் அளவு, சில இடங்களில் உலோக விளக்கின் எடை ஆகியவை கல்லில் வெட்டப்பட்டன.

மண் அகலுக்கு இத்தகைய பதிவு கிடையாது. அதற்குக் காரணமும் எளியது. உலோக விளக்கு கோயில் சொத்து. திருடுபோனால் கணக்குக் கேட்க வேண்டும். மண் அகல் உடைந்தால் அடுத்த சந்தையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். எளிதில் கிடைப்பதும் எளிதில் உடைவதும் அதன் சிறப்பு. அதுவே அதனை வரலாற்றின் பார்வைக்கு மறைத்தும் விட்டது. உலோகச் சிற்பம் கலை என்றும், மண் வேலை கைத்தொழில் என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தின் வேர்களுள் ஒன்று இது.

விளக்கு செய்த கையே சிற்பம் செய்த கை

தமிழ்நாட்டு மண்பாண்டக்காரர் வெறும் பானை செய்பவராக மட்டும் இருந்ததில்லை. குயவர், வேளார், குலாலர் என்று பல பெயர்களால் அழைக்கப்படும் இவர்கள், பல ஊர்களில் ஐயனார் கோயில்களின் பூசாரிகளாகவும் உள்ளனர். ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு வைக்கப்படும் சுடுமண் குதிரைகளையும் யானைகளையும் செய்பவர்கள் இவர்களே. புதுக்கோட்டை மாவட்டம் நமுனசமுத்திரம் ஐயனார் கோயில் வழியில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகள் இக்கலைக்கு நல்ல சான்று.

சங்க காலத்திலும் இவர்களுடைய பணி வாழ்வின் முக்கியமான தருணங்களோடு பிணைந்திருந்தது. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணொருத்தி, அவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்து தருமாறு குயவரிடம் வேண்டுகிறாள். பிறந்த வீட்டில் விளக்கு, திருமணத்தில் அரசாணிப் பானை, இறப்பில் தாழி அல்லது கொள்ளிக்குடம் என ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் மண்பாண்டக்காரரின் கைவேலை உடன்வந்தது.

குதிரையும் அகலும் அளவில் வேறுபட்டாலும் தொழில்நுட்பத்தில் உறவுடையவை. பருமனான மண் உருவத்தைச் சுட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உருவத்தை வெடிக்கச் செய்யும். அதனால் குதிரையின் காலும் உடலும் கழுத்தும் பானையைப் போல உள்ளீடின்றியே வனையப்படுகின்றன. மண்ணுடன் மணலும் உமியும் சேர்க்கப்படுகின்றன. உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்வதால் ஆவி வெளியேற வழி ஏற்படுகிறது. இன்று சுவர் விளக்கு செய்யும் கலைஞரும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே.

அகல் உருவாகும் முறை

ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணை உலர்த்தி, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைத்து, மணல் சேர்த்து மிதித்துப் பதமாக்குவர். பதமான மண்ணைப் பெரிய உருண்டையாகச் சக்கரத்தின் நடுவில் வைத்துச் சுழற்றுவர். உருண்டையின் உச்சியில் மட்டும் விரலால் குழித்து, சிறு கிண்ணமாக விரித்து, நூலால் அறுத்து எடுப்பர். ஒரே உருண்டையிலிருந்து அடுத்தடுத்து அகல்கள் பிறக்கும். தேர்ந்தவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்வார்.

அறுத்தெடுத்த கிண்ணத்தின் விளிம்பை ஈரம் காயுமுன் இரண்டு விரல்களுக்கு இடையே அழுத்தித் திரி வைக்கும் மூக்கை உண்டாக்குவர். வட்டமான கிண்ணம் இந்த ஓர் அழுத்தத்தால் விளக்காகிறது. சக்கரம் எல்லா அகலையும் ஒன்றுபோலவே தருகிறது; மூக்கு மட்டும் விரலுக்கு விரல், ஆளுக்கு ஆள் மாறுகிறது. அகல்களை வரிசையாக வைத்து உற்றுப் பார்த்தால் செய்தவரின் விரல் தடத்தை அங்கே காணலாம். அகலில் கையெழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பின்னர் நிழலிலும் வெயிலிலும் உலர்த்தி, செம்மண் கரைசல் பூசி, விறகும் வறட்டியும் வைக்கோலும் கொண்டு சூளையில் சுடுவர். மரபான சூளையின் வெப்பம் ஏறத்தாழ 700 முதல் 900 பாகை செல்சியசு வரை செல்லும். இவ்வெப்பத்தில் மண் கடினமாகும். ஆனால் நுண்துளைகள் மூடுவதில்லை. அதனால்தான் புதிய அகலை எண்ணெய் ஊற்றுமுன் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் வீடுகளில் உள்ளது. துளைகளில் முதலில் நீர் நிறைந்துவிட்டால் அகல் எண்ணெயைக் குடிப்பது குறையும்.

கண்ணாடிப் பூச்சின் வருகை

நுண்துளைகளை மூடவும் நிறம் சேர்க்கவும் உதவுவது, கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு. மணலில் உள்ள சிலிக்காவும் வேறு கனிமங்களும் சேர்ந்த கரைசலைப் பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் அது உருகிக் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் இக்கலையை ஒழுங்கான கல்வியாக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டு சென்னையில் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். உள்ளூர்க் களிமண் வகைகளை ஆராய்ந்து பாண்டங்களும் ஓடுகளும் செய்வது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. அப்பள்ளியே வளர்ந்து இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக உள்ளது.

திருவண்ணாமலை 1989ஆம் ஆண்டில் தனி மாவட்டமாவதற்கு முன் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்திலேயே, காட்பாடியை அடுத்த கரிகிரி, பூச்சிட்ட பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. தெற்கே விருத்தாசலத்தில் செராமிக் தொழிலுக்கென்றே தொழிற்பேட்டையும் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் அமைந்தன. அங்கே பொம்மைகளும் கார்த்திகை அகல்களும் அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. ஒரே அளவும் ஒரே மூக்கும் கொண்ட இவ்வகை அகல்கள் கடைகளில் பரவியதும், சக்கரத்தில் செய்த அகலின் இடம் சுருங்கத் தொடங்கியது.

புதுச்சேரியில் ஒரு திருப்பம்

மண்பாண்டத்தைத் தனிக் கலைஞரின் படைப்பாகக் காணும் போக்கு இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியது. ஜப்பானில் பயின்று திரும்பிய குர்சரண் சிங் 1952ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிய டெல்லி புளூ பாட்டரி, இந்தியாவில் இப்போக்குக்கு வழிகாட்டியது. தென்னிந்தியாவில் அவ்விடத்தைப் பெற்றது புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இதை 1971ஆம் ஆண்டு தொடங்கினர்.

இக்கூடம் இரண்டு வழிகளில் பயன் தந்தது. டெபோரா ஸ்மித் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, ஸ்டோன்வேர் எனப்படும் உயர்வெப்பப் பாண்டங்களைச் செய்யும் பட்டறையாக அதை வளர்த்தார். ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில் சுடப்படும் இப்பாண்டங்களில் மண்ணின் துளைகள் மூடி, கல்லைப் போன்ற உறுதி ஏற்படுகிறது. அங்கே தொழில் கற்றவர்கள் பலர் பின்னர் சொந்தமாகப் பட்டறை தொடங்கினர். கட்டடக் கலையும் மண்பாண்டக் கலையும் பயின்ற ரே மீக்கர் பெரிய சிற்பங்களைச் செய்தார். நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்களுக்குக் கற்பித்தார். 1980களின் நடுவில், மண்ணால் ஒரு வீட்டையே கட்டி அதையே சூளையாக்கிச் சுடும் சோதனைகளையும் மேற்கொண்டார்.

அங்கே பயின்ற மாணவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பிற நகரங்களிலும் கலைக்கூடங்களை அமைத்தனர். அவர்களுள் ஒருவரான ஆதில் ரைட்டர் கட்டடக் கலைஞராக இருந்து மண்பாண்டத்துக்கு வந்தவர். ஆரோவில்லில் உள்ள மண்டலா பாட்டரியில் பணியாற்றுபவர். சுவரை நிறைக்கும் சுடுமண் படைப்புகளுக்காக அறியப்பட்டவர். இந்தியச் சுடுமண் கலைக்கென முதல் முந்நூறுமாதக் கணக்கில் அல்லாது, மூன்றாண்டுக்கு ஒருமுறை என்னும் எண்ணத்தில் தொடங்கிய இந்திய செராமிக்ஸ் டிரையனாலே, 2018ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. இவ்வாறு சுடுமண் மேசையிலிருந்து சுவருக்கும், அடுக்களையிலிருந்து கண்காட்சிக்கும் வந்தது. சுவர் விளக்கு இந்தச் சூழலில் வளர்ந்த வடிவமாகும்.

விளக்கு சிற்பமாவது எப்படி

சுடுமண் ஒளியைக் கடத்தாது. மிக மெல்லிய பீங்கான் மட்டுமே சிறிது ஒளியை ஊடுருவ விடும். ஆகவே சுடுமண் சுவர் விளக்கில் ஒளி இரண்டு வழிகளில் வெளிவருகிறது. ஒன்று, மண் ஈரமாக இருக்கும்போதே வெட்டிய துளைகளின் வழியாக. மற்றொன்று, விளக்கின் பின்புறமிருந்து சுவரில் பட்டுத் திரும்புவதன் வழியாக. முதல் முறையில் துளைகளின் வடிவம் சுவரில் பெரிதாகி விழும். இரண்டாம் முறையில் விளக்கின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்து நடுப்பகுதி இருளாக நிற்கும். இரண்டிலும் கலைஞர் வனைவது மண்ணை மட்டுமன்று. அதைச் சூழும் நிழலையும் அவர் சேர்த்தே வனைகிறார்.

செய்முறையில் இடர்கள் பல. உலர்ந்து சுடப்படுவதற்குள் மண் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சுருங்கும். மண்ணின் வகைக்கேற்ப இது கூடும், குறையும். சுவரோடு பொருந்த வேண்டிய தட்டையான பின்புறம் சுருங்கும்போது வளைந்துவிட்டால் விளக்கு சுவரில் ஒட்டி நிற்காது. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் விரிசல் விழும். துளைகள் நெருங்கினால் இடையிலுள்ள மண் தாங்காது. மின்கம்பிக்கும் ஆணிக்குமான துளைகளைச் சுருக்கத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே பெரிதாக விட வேண்டும். சுட்ட பிறகு திருத்த முடியாது.

மின்விளக்கின் மாற்றமும் இக்கலைக்கு உதவியது. பழைய குண்டு பல்பு தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காட்டையே ஒளியாக்கும், எஞ்சியது வெப்பமாகும். அதனால் காற்றோட்டமான பெரிய கூடு தேவைப்பட்டது. எல்இடி விளக்கு வெப்பம் குறைவாக வெளியிடுவதால் சிறிய, மூடிய வடிவங்களும் இயன்றன. வெண்ணிற எல்இடிக்கு வழிவகுத்த நீல எல்இடியைக் கண்டறிந்தவர்களுக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்இடி வாங்கும்போது கெல்வின் எண்ணைக் கவனிப்பது நல்லது. எண்ணெய்ச் சுடரின் நிறம் ஏறத்தாழ 1,900 கெல்வின். 2,700 கெல்வின் என்று குறித்த விளக்கு அதற்கு ஓரளவு நெருக்கமான மஞ்சள் ஒளி தரும்; செம்மண்ணின் நிறம் அதில் நன்கு தெரியும். 6,500 கெல்வின் வெள்ளொளியில் அதே மண் வெளிறித் தோன்றும்.

விளக்கைச் சிற்பமாக ஏற்றுக்கொள்ள உலகம் தயங்கியதும் உண்டு. சிற்பி இசாமு நொகுச்சி 1951ஆம் ஆண்டு ஜப்பானின் கிஃபு நகரில் கண்ட காகித விளக்குத் தொழிலை அடிப்படையாகக் கொண்டு அகாரி என்னும் ஒளிச் சிற்பங்களை உருவாக்கத் தொடங்கினார். கடையில் விற்கும் விளக்கு எப்படிச் சிற்பமாகும் என்ற கேள்வி அவற்றைத் தொடர்ந்தது. 1986ஆம் ஆண்டு வெனிஸ் இருபதாண்டு அல்லாத ஈராண்டுக் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் அவர் அந்த விளக்குகளையும் காட்சிக்கு வைத்தார். கிஃபுவின் கைத்தொழிலாளர்களே அவற்றைத் தொடர்ந்து செய்துவருகின்றனர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. கலைஞரின் வடிவமும் பரம்பரைத் தொழிலாளரின் கையும் அங்கே ஒன்றையொன்று வாழவைத்தன.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் இடையே இன்னும் இடைவெளி உள்ளது. கலைக்கூடத்தில் செய்த ஒரு சுவர் விளக்கின் விலைக்கு, சக்கரத்தில் செய்த அகல்களைக் கூடை கூடையாக வாங்கலாம். கலைக்கூட விளக்குக்குச் செய்தவரின் பெயர் உண்டு, அகலுக்கு இல்லை. மண்ணும் தீயும் கையும் இரண்டுக்கும் பொது. பெயரும் விலையும் மட்டுமே வேறு.

அகல் செய்பவருக்குப் பருவமும் பகையாகிறது. அகலுக்கு மிகுந்த தேவை ஏற்படுவது கார்த்திகையில். அதற்கு முந்தைய ஐப்பசி அடைமழைக் காலம். வெயில் இல்லாவிட்டால் அகல் உலராது. உலராததைச் சுட்டால் வெடிக்கும். நனைந்த விறகில் சூளை எரியாது. விற்கும் மாதத்துக்கு நெடுநாள் முன்பே செய்து சேர்த்து வைக்க இடமும் முதலும் வேண்டும். இதை உணர்ந்தே நலவாரியத்தில் பதிவு செய்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் வழங்குகிறது.

மண் கிடைப்பதும் எளிதாக இல்லை. ஏரி மண் கனிம விதிகளுக்கு உட்பட்டதால், அதை எடுக்க மாவட்ட அலுவலகம் வரை சென்று அனுமதி பெற வேண்டியிருந்தது. மண்பாண்டத் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் ஏரி, குளங்களிலிருந்து மண்ணைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் வகையில் 2024ஆம் ஆண்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது.

பரம்பரைத் தொழிலாளருக்குப் பெயர் கிடைத்த எடுத்துக்காட்டுகளும் உள்ளன. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அவ்வூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மானாமதுரை மண்பாண்டமும் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயரும் கைவினைஞரின் பெயரும் பொருளோடு சேரும்போது அதன் மதிப்பு கூடும் என்பதை இவை காட்டுகின்றன.

ஐயனார் குதிரையை உள்ளீடின்றி வனையத் தெரிந்த கைக்குச் சுவர் விளக்கு செய்வது கடினமான வேலையன்று. தேவையானவை, புதிய வடிவங்களைக் கற்கும் வாய்ப்பு, உயர்வெப்பச் சூளை, செய்தவரின் பெயரோடு விற்கும் சந்தை ஆகியவையே. கார்த்திகைக்குக் கூடும் கூட்டமும், மாதந்தோறும் பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் மக்களும் திருவண்ணாமலைக்கு அத்தகைய சந்தையைத் தர வல்லவர்கள். விளக்கின் ஊரில் விளக்கு செய்பவரின் பெயரும் தெரிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே.

மாணவர்கள் இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த கார்த்திகையில் அச்சில் வார்த்த அகல் ஒன்றையும் சக்கரத்தில் வனைந்த அகல் ஒன்றையும் அருகருகே வைத்து அவற்றின் மூக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அச்சு அகலின் மூக்கு வழவழப்பாக இருக்கும். சக்கர அகலின் மூக்கில் இரண்டு விரல்களின் பள்ளம் இருக்கும். தொடுபவரின் விரல்களும் அதில் பொருந்தும்.